எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்மாய் ஆய்வு: எதை அளக்கலாம், எதை எழுதலாம்?

செம்மண் டீச்சர் | ஆகஸ்ட் 9

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். தலைப்பை நான் கொடுக்கவில்லை, அவர்களே ஒரு கேள்வியோடு வந்தார்கள். ஒருத்தியின் அப்பத்தா, "எங்க காலத்துல கண்மாயில தண்ணி பங்குனி வரைக்கும் கெடக்கும். இப்ப தை அறுப்பு முடியறதுக்குள்ள தரை தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். "மழை கொறஞ்சிருச்சா, இல்ல கண்மாய் மாறிருச்சா டீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளியில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "தேசத்தோட வளத்தைக் காக்குறது, நிலைத்த வளர்ச்சின்னு பெரிசா தலைப்பு இருக்கு. ஒத்தை ஊர்க் கண்மாயை வச்சுக்கிட்டு என்ன சொல்லப் போறீங்க? பிளாஸ்டிக் ஒழிப்பு, சோலார் மாடல்னு பண்ணுங்க, பரிசாவது வரும்" என்று சொல்கிறார்கள்.

கண்மாய் சுமார் 20 ஏக்கர். இரண்டு மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்), ஒரு கழுங்கு (நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் வழியும் இடம்). ஆற்றுப் பாசனம் கிடையாது, மழையை நம்பித்தான். இப்போது காய்ந்து கிடக்கிறது. எங்களிடம் ஒரு டேப்பும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ் மீட்டரும்தான் இருக்கின்றன. இதை வைத்து உருப்படியாக எதை அளக்கலாம்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 9

டீச்சர், பிள்ளைகள் கேட்ட கேள்வியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். அதையே தலைப்பாக வையுங்கள்.

மாவட்ட அளவில் பல வருஷம் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு வருவதில் பெரும்பகுதி இணையத்திலிருந்து எடுத்துத் தைத்த அறிக்கைதான். "புவி வெப்பமயமாதலும் அதன் தீர்வுகளும்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். "இந்த எண் உனக்கு எங்கருந்து வந்துச்சு கண்ணு?" என்று கேட்டதும் பின்னால் நிற்கும் சாரைத் திரும்பிப் பார்க்கும். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பிள்ளைமேல் என்ன குற்றம்? அது எதையுமே அளக்க நாம் விடவில்லை.

இந்த மாநாடு 1993ல் தொடங்கியபோது கொடுத்த தலைப்பே "உன் சுற்றுச்சூழலை அறிந்துகொள்" என்பதுதான். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து தங்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்காக ஆரம்பித்த காரியம் இது. பிறகு 2010ல் நிலவளம், 2012ல் ஆற்றல், 2014ல் வானிலையும் காலநிலையும், 2018ல் தூய்மையான, பசுமையான, நலமான தேசம், 2020ல் நிலைத்த வாழ்வுக்கான அறிவியல், 2022ல் சூழல்மண்டலம் என்று இரண்டிரண்டு வருஷத்துக்கு ஒரு மையக்கருத்து வந்தது. உங்கள் கண்மாய் இவற்றில் எதற்குள் அடங்காது?

"ஒத்தை ஊர்க் கண்மாய்" என்று சொல்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு அறிக்கை 2023ல் வந்தது. மொத்தம் 24 லட்சத்து 24 ஆயிரத்துக்கு மேல் நீர்நிலைகள், அதில் 97.1 சதவீதம் கிராமப்புறத்தில். 16.3 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊருடையதுதான். அரசியல் சாசனத்தில் 51ஏ(ஜி) என்று ஓர் அடிப்படைக் கடமை இருக்கிறது. 1976ல் சேர்த்தது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கடமையைச் செய்ய டெல்லிக்கா போகும்?

---

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஆகஸ்ட் 10

கண்மாய் காய்ந்து கிடப்பது நல்லதாகப் போயிற்று அம்மா. தண்ணீர் இருக்கும்போது பிள்ளைகளை உள்ளே இறக்கவே கூடாது. இப்போது செய்ய வேண்டியதை இப்போதே முடித்துவிடுங்கள்.

முதல் வேலை, தரைமட்டம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஊரில் ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள், அவரிடம் டியூப் மட்டம் இருக்கும். ஒளி ஊடுருவும் நீளமான டியூப், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மடையின் அடிக்கல்லைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு உள்வாய் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதி) நோக்கி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு குச்சி. ஒவ்வொரு குச்சியிலும், தரை மடைக்கல்லை விட எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்று ஒரு பிள்ளை படிக்க, இன்னொரு பிள்ளை எழுத வேண்டும். டியூபுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் கணக்கு தப்பாகும், கொத்தனாருக்கு அது தெரியும். மூன்று நான்கு கோடு இப்படி நடந்தால் கண்மாயின் வயிறு எப்படி இருக்கிறது என்று காகிதத்தில் வந்துவிடும்.

மடைக்கல்லை விடத் தரை உயரமாக இருக்கும் இடமெல்லாம் வண்டல் மேடு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. உள்வாய்ப் பக்கம் தரை இயல்பாகவே ஏறும். மடைக்கு அருகில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். மேலே நைசான வண்டல், அதற்குக் கீழே நிறமும் இறுக்கமும் மாறும் பழைய தரை. அந்தக் கோட்டை அளந்தால்தான் எவ்வளவு மேவியிருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம்.

இதன் மதிப்பு என்ன என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். 20 ஏக்கர் என்பது கிட்டத்தட்ட 81,000 சதுர மீட்டர். ஓர் அடி வண்டல் சராசரியாக மேவியிருந்தால் சுமார் 24,700 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரைக் கோடி லிட்டர் தண்ணீர் நிற்க இடமில்லாமல் போயிருக்கிறது.

பழைய பதிவேட்டில் கொள்ளளவு கிடைத்தால் ஒப்பிடலாம். ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலும் ஜமீன் கண்மாய்கள். ஜமீன் இல்லாமல் அரசே நேராக வரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதியில் 1880களில் ஏரிகளை அளந்து எழுதிய மெமோயர் போல எல்லாவற்றுக்கும் கிடைக்காது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் உங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

---

கரம்பை | ஆகஸ்ட் 10

நான் விவசாயி, படிப்பு கம்மி. ஒன்னு சொல்றேன் டீச்சர். வண்டல் மட்டும் காரணம்னு பிள்ளைகளை நிப்பாட்டிராதீங்க. எங்க கண்மாயில 2017லயும் மண்ணு எடுத்தாங்க, நானே பத்து டிராக்டர் வண்டல் வயல்ல போட்டேன். நல்லா வெளஞ்சது. ஆனா கண்மாய் பெருகல. ஏன்னா வரத்துக்கால் இல்ல. மழை பெய்யுது, தண்ணி வர்ற வழிய காணோம். வயிறு பெருசா இருந்து என்ன, வாய் அடைச்சிருச்சே.

பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வரத்துக்கால் ஓரமா ஒரு தடவ நடங்க. கரையில நின்னு பாக்காதீங்க, தண்ணி எங்க இருந்து கெளம்புதோ அங்க இருந்து நடந்து வாங்க.

---

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஆகஸ்ட் 11

கரம்பை அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நீர்ப்பிடிப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால்கூடக் கண்மாய்க்கு 10,000 கன மீட்டர் சேரும். வரத்துக்கால் அடைத்துக்கொண்டால் அது எங்கோ ஒரு பள்ளத்தில் நின்று காயும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். மடைச் சுவரில் பெயின்டால் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் கரையில் நின்று மட்டம் படிக்க வேண்டும். மடை மூடியிருந்து, மழையும் இல்லாத நாளில் மட்டம் குறைந்தால் தண்ணீர் எங்கே போயிற்று? ஒன்று ஆவியாகியிருக்கும், இல்லை தரைக்குள் இறங்கியிருக்கும், இல்லையென்றால் யாரோ மோட்டார் வைத்து இறைத்திருப்பார்கள். ஆவியானதைத் தனியாகப் பிரிக்க ஓர் அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெட்டவெளியில் வைத்து, அதன் மட்டத்தையும் தினமும் அளவெடுங்கள். ஆடும் காக்காயும் குடிக்காமல் மேலே அகலக்கண் வலை போடுங்கள். தொட்டித் தண்ணீர் சீக்கிரம் சூடாகும் என்பதால் கண்மாயை விட வேகமாகக் குறையும். தொட்டியில் 10 மி.மீ குறைந்தால் கண்மாயில் சுமார் 7 மி.மீ என்று வைத்துக்கொள்வது எங்கள் துறை வழக்கம். கண்மாயில் நாளைக்கு 5 மி.மீ ஆவியானாலே, முழுப் பரப்பில் தண்ணீர் நிற்கும்போது நான்கு லட்சம் லிட்டர் போகிறது. மொத்தக் குறைவிலிருந்து ஆவியானதைக் கழியுங்கள். யாரும் மோட்டார் வைத்து இறைக்காத நாளில் மீதி, நிலத்துக்குள் இறங்கியது. ஊர்க் கிணறுகளின் மட்டத்தோடு அதை ஒப்பிட்டால் கண்மாய் கிணறுகளுக்கு என்ன செய்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மழைமானிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலம் உள்ள பாத்திரம் எதுவானாலும் போதும், அதில் நிற்கும் உயரம்தான் மழை அளவு. புனல் வைத்தால் புனல் வாயின் பரப்பையும் பாத்திரத்தின் பரப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள்.

---

முதுகுளத்தூரான் | ஆகஸ்ட் 12

உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டியிருக்குமே? அதைச் சொல்லாமல் கண்மாய் ஆய்வா? காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மழையையே தடுக்கும் மரம் அது. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள் டீச்சர்.

---

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 12

அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது. "காற்றில் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும்" என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் வரி. வருஷம் நான்கு அறிக்கையிலாவது அது அச்சு மாறாமல் வருகிறது, எந்தப் பிள்ளையும் அளந்ததில்லை. அந்த மரம் உள்வாயில் மண்டினால் தண்ணீர் நிற்கும் இடத்தை அடைக்கும், வேர் ஆழமாகப் போகும், வேறு செடியை வளர விடாது. இவை பார்க்கக்கூடியவை. மரம் மண்டிய இடத்தில் ஒரு சதுர மீட்டர், வெட்டவெளியில் ஒரு சதுர மீட்டர் கயிறு கட்டி, இரண்டிலும் எத்தனை வகைப் புல் பூண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். அந்தளவு போதும்.

---

முதுகுளத்தூரான் | ஆகஸ்ட் 12

கோபமெல்லாம் இல்லை சார். ஆனால் மறுபக்கமும் எழுதப்பட வேண்டும் என்றுதான் நான் இதை எடுத்தேன். எங்கள் பக்கம் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடியில் பாதிச் சனத்துக்கு அந்த மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம்தான் சோறு போடுகிறது. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை எல்லாம் அகற்றச் சொன்னது, அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. 2022ல் அரசு அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை அறிவித்தது. விளையாத காட்டில் மூட்டம் போட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். கண்மாயில் அந்த மரம் வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெட்டிய பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று பிள்ளைகள் ஒரு பத்து வீட்டிலாவது கேட்டு எழுத வேண்டும். மனுசனைக் கணக்கில் எடுக்காமல் என்ன நிலைத்த வளர்ச்சி?

---

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 13

இது அருமையான இடம் அண்ணே. மனதார ஏற்கிறேன். டீச்சர், உங்கள் ஊரிலும் விறகு வெட்டுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகை எடுப்பவர் எல்லோரிடமும் பேச வையுங்கள். ஆயக்கட்டு வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டால் கண்மாயின் பாதிக் கதைதான் வரும். நிலமே இல்லாத வீட்டுக்கும் கண்மாயில் பங்கு உண்டு.

---

நாரைக்கூட்டம் | ஆகஸ்ட் 13

உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி இருக்கிறது டீச்சர். கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்பதற்காக. 1977லிருந்து அது சரணாலயம். பக்கத்து ராமநாதபுரத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன. இரண்டுமே கண்மாய்கள்தான். பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப் போங்கள். பறவைக் கணக்கும் சேர்க்கலாம், ஆனால் அதற்கென்று தனி ஆய்வு தேவைப்படும். இதற்குள் திணித்தால் இரண்டும் கெடும். பொங்கலுக்கு நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்த்துவிடுங்கள், அது போதும்.

---

செம்மண் டீச்சர் | ஆகஸ்ட் 24

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொத்தனார் அண்ணன் காசு வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களோடு நின்றார். பிள்ளைகள் இருவரும் டியூப் பிடித்துப் பழகிவிட்டார்கள். முதல் மடைக்குப் பக்கத்தில் தோண்டியதில் முக்கால் முழம் வண்டல், அதற்குக் கீழே சுக்கான் கலந்த பழைய தரை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் சின்னவள் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், வெளியே வர மாட்டேன் என்கிறாள்.

இப்போது ஒரு சிக்கல். கரம்பை ஐயா சொன்னபடி வரத்துக்கால் வழியே நடந்தோம். மேலே எட்டடி, பத்தடி அகலம் இருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் ஒன்றரை அடி வாய்க்காலாகச் சுருங்கி, அப்புறம் காணவே இல்லை. அங்கே வரப்பு போட்டுத் தென்னங்கன்று நட்டிருக்கிறார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். பள்ளிக்கு நிறைய உதவி செய்யும் குடும்பம். ஒரு பிள்ளையின் அப்பா அவர்கள் வீட்டில்தான் வேலை பார்க்கிறார்.

"அந்தப் பக்கத்தை விட்டுட்டு வண்டலை மட்டும் எழுதுங்க" என்று பள்ளியில் சொல்கிறார்கள். பிள்ளைகளோ நோட்டில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

---

கரம்பை | ஆகஸ்ட் 24

எழுதுங்க டீச்சர். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. பெரியவங்க நாங்க வாய மூடிக்கிட்டு இருந்ததாலதான் கண்மாய் இப்படிக் கெடக்கு.

---

முதுகுளத்தூரான் | ஆகஸ்ட் 24

அண்ணே, எழுதிவிட்டு நாளைக்கு அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு வேலை போனால் நீங்களும் நானும் போய் நிற்போமா? பதின்மூன்று வயதுப் பிள்ளை தலையில் ஊர்ப் பகையை ஏற்றக் கூடாது. வண்டலோடு நிறுத்துவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

---

கணக்கு வாத்தியார் | ஆகஸ்ட் 24

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்த்ததை விட்டுவிட்டு எழுதினால் முடிவே பொய்யாகிவிடும். "கண்மாய் சீக்கிரம் வற்றக் காரணம் வண்டல்" என்று பிள்ளைகள் மேடையில் சொல்வார்கள், அது உண்மையில்லை என்று அவர்களுக்கே தெரியும். அளந்ததை மறைக்கலாம் என்று அவர்களுக்கு முதல் ஆய்விலேயே நாம் கற்றுக்கொடுப்பதா? வண்டல் அறிக்கை மாநிலம் வரை போனாலும் எனக்கு அதில் சம்மதமில்லை.

---

நொய்யல் மாணவி | ஆகஸ்ட் 25

டீச்சர், நான் திருப்பூர்ப் பக்கம். பள்ளியில் படிக்கும்போது இதே மாநாட்டுக்கு ஆய்வு செய்தேன். இப்போது முதுகலை படிக்கிறேன். உங்கள் நிலைமை எங்களுக்கும் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் சாயக்கழிவால் நொய்யல் கெட்டது நாடே அறிந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்கென்று தேக்கிய தண்ணீரே விவசாயத்துக்கு ஆகாமல் போனது. 2011ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு கிணறுகள் தேறியிருக்கின்றனவா என்பது எங்கள் கேள்வி. ஆற்றிலிருந்து தூரம் போகப் போகக் கிணற்று நீரின் டி.டி.எஸ் எப்படி மாறுகிறது என்று அளந்தோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. சில கிணறுகள் அந்த 2000ஐயும் தாண்டி நின்றன.

எண்கள் வந்ததும் கிணற்றுக்காரர்களே பயந்தார்கள். "எங்க கிணத்துத் தண்ணி கெட்டதுன்னு போட்டா நாளைக்கு நிலத்தை விக்க முடியுமா பாப்பா?" என்று ஓர் அம்மா கேட்டார். எங்கள் வழிகாட்டி டீச்சர் ஒரு வழி சொன்னார். பெயர் இல்லை, கிணறு 1, கிணறு 2 என்று எண் மட்டும். வரைபடத்தில் ஆற்றிலிருந்து உள்ள தூரம் மட்டும். யாருடையது என்ற பட்டியல் டீச்சரின் நோட்டில் மட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கிணற்றின் அளவைத் தனியாகத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தோம். எது குடிக்கலாம், எது கூடாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

உங்கள் வரத்துக்காலையும் அப்படிச் செய்யுங்கள். தொடக்கம் முதல் கண்மாய் வரை 50 மீட்டருக்கு ஓர் இடம், இடம் 1, இடம் 2 என்று அகலமும் ஆழமும் அளந்து அட்டவணை போடுங்கள். ஓர் இடத்தில் அகலம் பூஜ்யம் என்று வரும். அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பெயர் எதற்கு? நடுவர் கேட்டால் "நாங்கள் அகலத்தைத்தான் அளந்தோம், காரணத்தை வருவாய்த் துறை அளக்க வேண்டும்" என்று பிள்ளை சொல்லட்டும். எங்களிடம் நடுவர் கேட்டபோது நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

---

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஆகஸ்ட் 25

இந்தப் பெண் சொன்னதுதான் முறை. ஒன்று சேர்க்கிறேன். கிராம வரைபடத்தில் வரத்துக்கால் எந்த அகலத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றால் அதற்குத் தனிப் புல எண் இருக்கும். வரைபட அகலம் ஒரு கட்டம், பிள்ளைகள் அளந்த அகலம் பக்கத்துக் கட்டம். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களையும் பார்க்கலாம், வாய்க்கால் எந்த வருஷத்துக்குப் பிறகு மறைகிறது என்று ஓரளவு தெரியும்.

ஆவணம் கேட்கும் வேலை, கடிதம் எழுதும் வேலை எல்லாம் பெரியவர்களுடையது. டீச்சரும் தனியாகப் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போங்கள், கையெழுத்து பத்துப் பேருடையதாக இருக்கட்டும்.

---

முதுகுளத்தூரான் | ஆகஸ்ட் 25

இப்படியென்றால் எனக்கும் சம்மதம். அந்த அப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள் டீச்சர். வேறு யார் வாயிலிருந்தோ அவர் கேட்கக் கூடாது.

---

செம்மண் டீச்சர் | நவம்பர் 3

ரொம்ப நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். மழை தொடங்கிவிட்டதால் பிள்ளைகளும் நானும் கரையிலேயே இருக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பேரு போடலேன்னா அளக்கட்டும் டீச்சர், நானே அந்தப் பக்கம் டேப் பிடிக்கிறேன்" என்றார். பிடித்தார். வரத்துக்கால் அட்டவணையில் 17 இடங்கள். இரண்டு இடங்களில் அகலம் பூஜ்யம். வரைபடத்தில் அந்த இரண்டு இடத்திலும் ஓடை இருக்கிறது.

மழையைப் பற்றியும் பார்த்தோம். தாலுகா அலுவலகத்தில் பழைய மழைப் பதிவு கொடுத்தார்கள். அதில் வருஷத்துக்கு வருஷம் ஏற்ற இறக்கம் பலமாக இருக்கிறது, ஆனால் ஒரேயடியாகக் குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். "மழை கொறஞ்சிருச்சுன்னு எங்களால சொல்ல முடியல. கண்மாய் மாறினத அளந்து பாத்துட்டோம்." இதுதான் அறிக்கையின் கடைசிப் பத்தி. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் பள்ளி சார்பாக அந்தச் சார்ட்டை மாட்டினோம். மேலாண்மைக் குழுத் தலைவர் பேசினார், பிள்ளைகளை மேடையேற்றவில்லை. தென்னங்கன்று வைத்த குடும்பத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, "எங்க அப்பாரு காலத்துலருந்து இப்படித்தான் இருக்கு" என்று சத்தம் போட்டார். நில அளவர் வந்து அளக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். எப்போது வருவார் என்று தெரியாது. வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி கேட்கலாம் என்றும் முடிவாகியிருக்கிறது. அது 2024லிருந்து சுலபமாகியிருக்கிறதாம். ஆனால் கண்மாய் காய்ந்த பிறகுதான் எடுக்க முடியும்.

பள்ளியில் இப்போது யாரும் சோலார் மாடல் பற்றிப் பேசுவதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் மழைமானி பார்க்கத் தினமும் வருகிறார்கள்.

மாவட்ட மாநாடு முடிந்தாலும் தண்ணீர் வற்றும் வரை மட்டம் படிக்கப் போகிறோம் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஓவர்சியர் ஐயா, ஒரு சந்தேகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, மடையும் திறப்பார்கள். அந்த நாட்களின் அளவை என்ன செய்வது? தள்ளிவிடலாமா?

---

ஓய்வுபெற்ற ஓவர்சியர் | நவம்பர் 3

தள்ளவே கூடாது அம்மா. எல்லா நாளும் எழுதட்டும். மழை நாளுக்கு ஒரு நிறம், மடை திறந்த நாளுக்கு ஒரு நிறம், இரண்டும் இல்லாத நாளுக்கு ஒரு நிறம். ஆவியாதல், கசிவுக் கணக்கை மூன்றாவது நிறத்து நாட்களை மட்டும் வைத்துப் போடுங்கள். நீர்ப்பாய்ச்சியிடம் மடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் கேட்டுப் பக்கத்தில் குறித்துவிடுங்கள், பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் தப்பும். கழுங்கு வழிந்தால் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு வழிகிறது என்பதையும் கரையில் நின்றபடியே பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

---

கரம்பை | நவம்பர் 4

டீச்சர், நான் காரைக்குடிப் பக்கம்தான். ஒங்க கண்மாய்ல மடை தொறக்குறப்ப சொல்லுங்க, வந்து பாக்குறேன். எங்க ஊரு பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைகள் கேக்குதுக, டியூப் மட்டத்துக்கு எத்தன மீட்டர் வாங்கணும்?

---

செம்மண் டீச்சர் | நவம்பர் 4

பதினைந்து மீட்டர் வாங்குங்கள் ஐயா. பத்து மீட்டர் இடைவெளிக்கு இரண்டு முனையையும் தூக்கிப் பிடிக்க மீதி வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் பிள்ளைகளுக்குக் கோடு நன்றாகத் தெரியும். மடை திறக்கும்போது கட்டாயம் இங்கேயே எழுதுகிறேன்.